மும்பையில் நிதி ஆலோசகர் வேலை: முதல் ஒன்றரை வருஷம் காசு எப்படி வரும்?

பி.காம். முடித்துவிட்டு ஊரிலிருந்து மும்பைக்கு வரும் பிள்ளைகளின் செல்போனில் திரும்பத் திரும்ப வந்து நிற்கும் விளம்பரம் ஒன்று உண்டு. ஃபைனான்ஷியல் அட்வைசர் தேவை, முன் அனுபவம் வேண்டாம், மாதம் இருபத்தைந்தாயிரம் முதல் எண்பதாயிரம் வரை, உடனே சேரலாம். இருபத்தைந்துக்கும் எண்பதுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்பதை மட்டும் அந்த விளம்பரம் சொல்லாது.

நான் மும்பையில் இன்சூரன்ஸும் மியூச்சுவல் ஃபண்டும் செய்கிறவன். தாராவி, ஆன்டாப் ஹில், செம்பூர், முலுண்ட் பக்கமிருந்து இதைப் பற்றிக் கேட்டு வருகிறவர்கள் எல்லாரும் எடுத்ததும் கேட்பது, “கமிஷன் எத்தனை பர்சென்ட் அண்ணா?” என்பதுதான். நான் பதிலுக்குக் கேட்பது வேறு: முதல் ஒன்றரை வருஷத்தை யார் காசில் ஓட்டப்போகிறாய்? கம்பெனி காசிலா, சொந்தச் சேமிப்பிலா, அப்பா அனுப்பும் காசிலா? இந்தத் தொழிலில் உழைப்பு முதலில் போய்விடும், பணம் மெதுவாகத்தான் வரும், வந்ததிலும் கொஞ்சம் திரும்பப் போகும். அதனால் சதவீதத்தைவிட, எந்தத் தேதியில் வரும், எதனால் திரும்பப் போகும் என்ற இரண்டும் முக்கியம். கீழே உள்ளதெல்லாம் அந்தக் கணக்குதான்.

முதல் படி: விளம்பரத்தில் இருப்பது எந்தக் காசு?

இந்தத் தொழிலில் வருமானம் மூன்று வழியில்தான் வரும். கம்பெனி தரும் மாதச் சம்பளம், விற்ற பொருளுக்கான கமிஷன், வாடிக்கையாளரே நேராகத் தரும் கட்டணம். விளம்பரத்தில் இருக்கும் பதவிப் பெயரை வைத்து எது என்று கண்டுபிடிக்க முடியாது. பேங்கிலும் புரோக்கிங் கம்பெனியிலும் ரிலேஷன்ஷிப் மேனேஜர் என்றால் பெரும்பாலும் சம்பள வேலை. இன்சூரன்ஸ் கம்பெனியில் சேல்ஸ் மேனேஜர் என்றாலும் சம்பளம்தான், ஆனால் வேலை பாலிசி விற்பது மட்டுமல்ல, ஏஜென்ட்களைப் பிடித்துச் சேர்ப்பதும். அதே கம்பெனியில் ‘அட்வைசர்’ என்று போட்டிருந்தால் பத்தில் ஒன்பது இடத்தில் அது ஏஜென்ட் கோடு, அதாவது கமிஷனுக்கு மட்டும் வேலை செய்யும் ஏஜென்ட் எண். சம்பளம் ஒரு ரூபாய் கிடையாது. முதலீட்டு ஆலோசகர் என்று போர்டு மாட்டிக்கொண்டு கட்டணம் வாங்க செபியில் (பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பு) பதிவு வேண்டும். வெறும் மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தர் தன்னை ஆலோசகர் என்று அழைத்துக்கொள்ளவும் கூடாது.

ஆகவே போனில் பேசும் எச்.ஆர். பெண்ணிடம் மூன்று கேள்வி கேளுங்கள். ஆஃபர் லெட்டர் தருவீர்களா, ஏஜென்சி ஒப்பந்தமா? பி.எஃப். பிடிப்பீர்களா? நான் ஒரு பாலிசிகூட எழுதாத மாதம் அக்கவுன்ட்டில் எவ்வளவு விழும்? மூன்றாவது கேள்விக்கு “அதெல்லாம் உங்க திறமையைப் பொறுத்தது சார்” என்று பதில் வந்தால் அது கமிஷன் வேலை. கமிஷன் வேலை கெட்ட வேலை அல்ல. சம்பளம் என்று நினைத்துக்கொண்டு அதில் நுழைவதுதான் ஆபத்து.

பயிற்சிக்கு என்று ஐயாயிரம், பத்தாயிரம் முன்பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி வைத்துக்கொள்கிற இடத்திலிருந்தும் அப்படியே.

இரண்டாவது படி: சம்பளமாக இருந்தால் ஆஃபர் லெட்டரைப் பிரித்துப் பார்ப்பது

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். லெட்டரில் சி.டி.சி., அதாவது உங்களுக்காகக் கம்பெனிக்கு ஒரு வருஷத்தில் ஆகும் மொத்தச் செலவு, 3,60,000 என்று இருக்கிறது. மாதம் முப்பதாயிரம் என்று ஊருக்குப் போன் போட்டுச் சொல்லியாகிவிட்டது. உள்ளே பாருங்கள். அதில் 60,000 ‘வேரியபிள்’. அதாவது டார்கெட் முடித்தால்தான். மீதி 3,00,000, மாதம் 25,000. பேசிக் அதில் பாதி, 12,500 என்று வைத்துக்கொள்வோம். கம்பெனி கட்டவேண்டிய பி.எஃப். 12 சதவீதம், 1,500 ரூபாய், இந்த 25,000க்குள்ளேயே இருக்கும். கிராஜுவிட்டி (பணிக்கொடை) என்று சுமார் 600 ரூபாயையும் இதிலேயே காட்டுவார்கள். ஓரிரு வருஷத்தில் வேறு கம்பெனிக்குத் தாவுகிறவர் கைக்கு அது பெரும்பாலும் வராது. மிச்சம் 22,900. உங்கள் பங்கு பி.எஃப். இன்னொரு 1,500. மகாராஷ்டிராவில் தொழில் வரி மாதம் 200, பிப்ரவரியில் மட்டும் 300. மாதம் 25,000க்குள் சம்பளம் வாங்கும் பெண்களுக்கு இந்தத் தொழில் வரி இல்லை. கடைசியில் கையில் விழுவது 21,200.

முப்பதாயிரம் எங்கே, இருபத்தோராயிரம் எங்கே. வாடகை பேசும் முன் இந்தக் கணக்கைப் போட வேண்டும்.

அடுத்தது இன்சென்டிவ், அதாவது விற்பனைக்குத் தரும் ஊக்கத்தொகை. இங்கேதான் கண்ணை அகல விரித்து வைத்துக்கொள்ள வேண்டும். விற்பனை வேலையில் டார்கெட்டைப் பல இடங்களில் உங்கள் சம்பளச் செலவின் இத்தனை மடங்கு வருமானம் கொண்டுவர வேண்டும் என்றுதான் வைப்பார்கள். அதில் ஒரு குறிப்பிட்ட சதவீதத்தைத் தாண்டினால்தான் இன்சென்டிவ் கதவே திறக்கும். அதற்கு ஒரு ரூபாய் குறைந்தாலும் பூஜ்யம். எல்லாப் பொருளுக்கும் ஒரே மதிப்பும் இல்லை. பத்து லட்ச ரூபாய் டெபாசிட் கொண்டுவந்ததைவிட ஐம்பதாயிரம் ரூபாய் இன்சூரன்ஸ் பிரீமியத்துக்கு அதிகப் புள்ளி கிடைக்கலாம். பேங்கில் டெபாசிட் போட வந்த பெரியவர் பாலிசியோடு வீட்டுக்குப் போவது இதனால்தான். மாட்டுங்காவில் ஓய்வூதியக்காரர்கள் பலர் டெபாசிட் வட்டியைவிட இதைப் பற்றித்தான் அதிகம் புலம்புகிறார்கள். சம்பளம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறதோ அப்படித்தான் ஆலோசனையும் வரும் என்பதைச் சேரும் முன்பே தெரிந்துகொண்டு சேருங்கள்.

இன்னொன்று, லாகினா இஷ்யூவா? வாடிக்கையாளர் கையெழுத்துப் போட்டு செக் கொடுத்தது லாகின். மெடிக்கல் முடிந்து கம்பெனி பாலிசி கொடுத்தது இஷ்யூ. இஷ்யூ ஆனதுக்குத்தான் இன்சென்டிவ் கணக்கு ஓடும். மார்ச் 29ஆம் தேதி லாகின் செய்த பாலிசி ஏப்ரலில் இஷ்யூ ஆனால் அது போன வருஷக் கணக்கில் வராது. அதனால்தான் ஜனவரி, பிப்ரவரி, மார்ச், தொழிலில் சொல்வதுபோல் ஜே.எஃப்.எம்., வந்தாலே எல்லாருக்கும் தூக்கம் போகும். பாலிசி கையில் கிடைத்த முப்பது நாளுக்குள் வேண்டாம் என்று திருப்பித்தரும் உரிமை வாடிக்கையாளருக்கு உண்டு. அப்படித் திரும்பினால் உங்களுக்குக் கொடுத்த இன்சென்டிவும் அடுத்த மாதம் பிடிக்கப்படும்.

லெட்டரில் கட்டாயம் தேடவேண்டிய வரிகள்: இன்சென்டிவ் வழங்கும் தேதியில் பணியில் இருந்தால்தான் தரப்படும் என்று இருக்கிறதா, நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள், பயிற்சிச் செலவைத் திரும்பக் கேட்கும் பாண்ட் இருக்கிறதா, சம்பளம் தருவது அந்த பேங்கா, அல்லது ஆள் சப்ளை செய்யும் வேறு கம்பெனியா. கடைசியில் சொன்னது ஆஃப்-ரோல் வேலை. அடையாள அட்டையில் பேங்க் பெயர் இருக்கும், சம்பளச் சீட்டில் வேறு பெயர் இருக்கும்.

இவ்வளவு சொன்னாலும், மும்பையில் சொந்தக்காரர் வீடு இல்லாமல் புதிதாக வந்து இறங்குகிறவருக்கு என் ஓட்டு சம்பளத்துக்குத்தான். ஒன்றிரண்டு வருஷம் கம்பெனி காசில் ஊரையும் இந்தியையும் கொஞ்சம் மராத்தியையும் ஆட்களையும் தெரிந்துகொள்ளலாம்.

மூன்றாவது படி: கமிஷனாக இருந்தால், எந்தக் கமிஷன்?

இன்சூரன்ஸ் கமிஷனும் மியூச்சுவல் ஃபண்ட் கமிஷனும் பெயரில்தான் ஒன்று.

ஆயுள் காப்பீட்டு ஏஜென்ட் ஆக 18 வயது நிறைந்திருக்க வேண்டும். எல்.ஐ.சி.யில் பத்தாம் வகுப்பு போதும். 25 மணி நேரப் பயிற்சி, பிறகு ஐ.சி. 38 என்று சொல்லும் தேர்வு. தமிழிலேயே எழுதலாம். ஒரு ஏஜென்ட் ஒரே ஒரு ஆயுள் காப்பீட்டுக் கம்பெனிக்குத்தான் வேலை செய்யலாம். அதோடு ஒரு பொதுக் காப்பீட்டுக் கம்பெனி, ஒரு தனி மருத்துவக் காப்பீட்டுக் கம்பெனி என்று சேர்த்துக்கொள்ளலாம்.

இங்கே முதல் வருஷப் பிரீமியத்தில்தான் பெரிய பங்கு. அடுத்தடுத்த வருஷம் ஒற்றை இலக்கச் சதவீதம்தான். பாலிசிக்குப் பாலிசி, கம்பெனிக்குக் கம்பெனி மாறும். 2023 ஏப்ரலில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. பாலிசி வாரியான உச்சவரம்புகளை எடுத்துவிட்டு, மொத்த நிர்வாகச் செலவு வரம்புக்குள் கம்பெனிகளே முடிவுசெய்யலாம் என்று விட்டுவிட்டது. 2024 அக்டோபரில் சரண்டர் விதிகள் மாறி, பாலிசியைச் சீக்கிரம் நிறுத்துகிறவருக்கு அதிகத் தொகை திருப்பித்தர வேண்டும் என்றானதும் முதல் வருஷக் கமிஷன் பல இடங்களில் இறங்கியது. ஆகவே போன வருஷம் சேர்ந்த நண்பர் சொன்ன விகிதத்தை நம்பாதீர்கள். உங்கள் டெவலப்மென்ட் ஆபீசரிடமோ மேனேஜரிடமோ இன்றைய தேதியிட்ட கமிஷன் அட்டவணையை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கணக்குக்கு 25 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். வருஷம் 30,000 ரூபாய் பிரீமியம் கட்டும் எண்டோமென்ட் (சேமிப்பும் சேர்ந்த) பாலிசி ஒன்று எழுதினால் 7,500. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அது வாடிக்கையாளர் வருஷத் தவணையாகக் கட்டினால். தாராவியில் சின்னப் பட்டறை வைத்திருப்பவர், டப்பா கட்டிக் கொடுப்பவர், சம்பளக்காரர் என்று யாராக இருந்தாலும் கேட்பது மாதத் தவணைதான். மாதம் 2,500 கட்டினால் உங்கள் கமிஷன் மாதம் 625 ரூபாய். ஏழாயிரத்து ஐந்நூறு வந்துசேரப் பன்னிரண்டு மாதம் ஆகும். நாலாவது மாதம் அவர் அக்கவுன்ட்டில் பணமில்லாமல் தவணை பவுன்ஸ் ஆனால் உங்கள் 625ம் நிற்கும்.

மருத்துவக் காப்பீடு வேறு மாதிரி. 2023க்கு முன் அதற்கு 15 சதவீதம் என்று உச்சவரம்பு இருந்தது. அந்த விகிதத்திலேயே வைத்துப் பார்த்தால், நாலு பேர் குடும்பத்துக்கு 18,000 ரூபாய் பிரீமியம் என்றால் 2,700. முதல் வருஷமும் புதுப்பிக்கும் வருஷமும் பெரிய வித்தியாசமில்லாமல் வருவதுதான் இதன் நல்ல குணம். ஆனால் ராத்திரி பதினோரு மணிக்கு ஏதாவது ஒரு ஆஸ்பத்திரி வாசலிலிருந்து போன் வரும், கேஷ்லெஸ் (கைக்காசு கட்டாமல் சிகிச்சை) கிடைக்கவில்லை என்று. போய் நிற்கத்தான் வேண்டும். நின்ற வீட்டில் அடுத்த வருஷமும் அந்தப் பாலிசி உங்களிடமே இருக்கும்.

2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. வாடிக்கையாளருக்கு நல்ல செய்தி. ஆனால் கம்பெனிகளுக்கு உள்ளீட்டு வரிச் சலுகை (தங்கள் செலவில் கட்டிய ஜி.எஸ்.டி.யைக் கழித்துக்கொள்வது) போனதால் அந்தச் சுமையில் ஒரு பகுதியை ஏஜென்ட், விநியோகஸ்தர் கமிஷன் மேல் இறக்கிவைக்கப் பார்க்கிறார்கள். அட்டவணை கேட்கும்போது, சொல்லும் சதவீதம் இந்தக் கழிவுக்கு முன்பா பின்பா என்று சேர்த்துக் கேளுங்கள்.

மியூச்சுவல் ஃபண்டுக்கு வருவோம். செபியின் பயிற்சி நிறுவனமான என்.ஐ.எஸ்.எம். நடத்தும் ஐந்து-ஏ தேர்வு: நூறு கேள்வி, இரண்டு மணி நேரம், ஐம்பது எடுத்தால் பாஸ். பிறகு ஃபண்ட் கம்பெனிகளின் சங்கமான ஆம்ஃபியிடம் ஏ.ஆர்.என். என்ற விநியோகஸ்தர் பதிவு எண் வாங்க வேண்டும். மூன்று வருஷத்துக்குச் செல்லும். அதை வைத்து ஒவ்வொரு ஃபண்ட் கம்பெனியிலும் தனித்தனியாகப் பதிவுசெய்யலாம், அல்லது என்.ஜே., புருடென்ட் மாதிரியான பெரிய விநியோகஸ்தரின் கீழ் சேர்ந்து வரும் கமிஷனைப் பங்கு போட்டுக்கொள்ளலாம்.

2018 அக்டோபரில் செபி முன்பணக் கமிஷனை நிறுத்தி, எல்லாம் டிரெயில் என்று ஆக்கிவிட்டது. அதாவது வாடிக்கையாளர் பணம் ஃபண்டில் இருக்கும்வரை, அதன் அன்றாட மதிப்பின் மேல் ஆண்டுக்கு இத்தனை சதவீதம் என்று கணக்கிட்டு மாதாமாதம் வரும். ஈக்விட்டி ஃபண்டில் அரை சதவீதத்திலிருந்து ஒரு சதவீதம் வரை பரவலாகக் கிடைக்கும், லிக்விட் ஃபண்டில் பெயருக்கு ஏதோ.

0.8 சதவீதம் என்று வைத்து ஒரு வருஷத்தை ஓட்டிப் பாருங்கள். முதல் மாதமே நாற்பது பேரைப் பிடித்துவிட்டீர்கள், ஆளுக்கு 5,000 ரூபாய் எஸ்.ஐ.பி. (மாதாமாதம் தானாகப் போகும் முதலீடு). மாதம் இரண்டு லட்சம் உள்ளே போகிறது. சந்தை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. முதல் மாதக் கமிஷன் 133 ரூபாய். பன்னிரண்டாவது மாதம் 24 லட்சம் சேர்ந்திருக்கும், அந்த மாதம் 1,600 ரூபாய். வருஷம் முழுக்கக் கூட்டினால் 10,400. நாற்பது பேரை முதல் மாதமே பிடிப்பது யாருக்கும் நடக்காத காரியம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாதம் 40,000 ரூபாய் டிரெயில் வர வேண்டுமென்றால் ஆறு கோடி ரூபாய் உங்கள் கோடின் கீழ் நிற்க வேண்டும்.

இதைக் கேட்டதும் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். போகட்டும். மீதிப் பேரிடம் சொல்வது: அடுத்த வருஷம் அந்த நாற்பது பேரை நீங்கள் திரும்ப விற்பனைக்கு அணுகவே வேண்டாம், தவணை தானாகப் போகும், தொகை ஏறும், கமிஷனும் கூடவே ஏறும். இன்சூரன்ஸில் இரண்டாம் வருஷம் கமிஷன் விழும், இங்கே எழும்.

பெண் வாடிக்கையாளர்களைச் சேர்ப்பதற்கு ஒரு சின்னக் கூடுதல் உண்டு. 2025 நவம்பரில் செபி அறிவித்தபடி, மியூச்சுவல் ஃபண்டுக்கே புதிதாக வரும் பெண் முதலீட்டாளர் எந்த ஊராக இருந்தாலும், முதல் முதலீட்டில் அல்லது முதல் வருஷ எஸ்.ஐ.பி. தொகையில் ஒரு சதவீதம், அதிகபட்சம் 2,000 ரூபாய், விநியோகஸ்தருக்குக் கிடைக்கும். பணம் ஒரு வருஷம் நிற்க வேண்டும். மாதம் 5,000 எஸ்.ஐ.பி. என்றால் 600 ரூபாய். மும்பை மாதிரிப் பெரிய நகரத்துக்கு ஆண்கள் கணக்கில் இது கிடையாது.

போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி. ஏஜென்ட் வேலையை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. மகிளா பிரதான் திட்டத்தில் பெண்கள் மட்டும் செய்யலாம், வசூலில் நாலு சதவீதம். மாதம் ஒரு லட்சம் வசூலித்தால் நாலாயிரம். வீடு வீடாக நடக்கும் வேலைதான், ஆனால் அந்த வீடுகளே பின்னாளில் வாடிக்கையாளர்கள்.

பெண்கள் இந்தத் தொழிலைத் தொடங்க இப்போது இன்னொரு வாசலும் உண்டு. எல்.ஐ.சி.யின் பீமா சகி திட்டம், 2024 டிசம்பர் 9 அன்று தொடங்கியது. பத்தாம் வகுப்பு முடித்த, 18 முதல் 70 வயது வரை உள்ள பெண்கள் சேரலாம். முதல் வருஷம் மாதம் 7,000, இரண்டாம் வருஷம் 6,000, மூன்றாம் வருஷம் 5,000 உதவித்தொகை. மூன்று வருஷமும் முழுசாக வந்தால் 2,16,000. கமிஷன் இதற்கு மேல் தனி. சும்மா தருவதில்லை: வருஷத்துக்கு 24 பேருக்குப் பாலிசி, 48,000 ரூபாய் முதல் வருஷக் கமிஷன் என்ற அளவை எட்ட வேண்டும். இரண்டாம், மூன்றாம் வருஷ உதவித்தொகைக்கு, முந்தைய வருஷம் எழுதிய பாலிசிகளில் 65 சதவீதமாவது லாப்ஸ் ஆகாமல் (தவணை நின்று காலாவதியாகாமல்) இருக்க வேண்டும். ஏற்கெனவே ஏஜென்டாகவோ எல்.ஐ.சி. ஊழியராகவோ இருப்பவரின் நெருங்கிய உறவினருக்குக் கிடையாது. ஏஜென்சி மாமியார் பெயரில் இருக்கிறதா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கட்டணம் வாங்கும் வழி

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். புதிதாக வருகிறவருக்கு இது முதல் வருஷ வழி அல்ல. செபியில் பதிவுபெற்ற முதலீட்டு ஆலோசகர் கமிஷன் தொடக்கூடாது, வாடிக்கையாளரிடம்தான் கட்டணம். 2024 டிசம்பர் திருத்தத்துக்குப் பின் பட்டப்படிப்பு போதும், முன் அனுபவம் கட்டாயமில்லை, சொத்து மதிப்புக்குப் பதில் டெபாசிட்: 150 வாடிக்கையாளர் வரை ஒரு லட்சம். என்.ஐ.எஸ்.எம். பத்து-ஏ, பத்து-பி என இரண்டு தேர்வு. நிலையான கட்டணம் ஒரு குடும்பத்துக்கு வருஷம் 1,51,000 ரூபாயைத் தாண்டக்கூடாது. சட்டம் வாசலைத் திறந்துவிட்டது, ஆனால் இருபத்திரண்டு வயதுப் பையனுக்கு வருஷம் பன்னிரண்டாயிரம் கொடுத்து யோசனை கேட்கச் செம்பூரில் எத்தனை குடும்பம் இருக்கிறது? இந்த வழி பிடித்திருந்தால், ஏற்கெனவே பதிவுபெற்ற ஒருவரிடம் சம்பளத்துக்குச் சேர்ந்து திட்ட அறிக்கைகள் தயாரித்துப் பழகுவது நல்லது.

நாலாவது படி: ஆறாவது மாதத்தைக் காகிதத்தில் எழுதுவது

கமிஷன் வழியைத் தேர்ந்தெடுக்கிறவர் சேரும் முன் ஒரு தாளில் ஆறாவது மாதத்தை எழுதிப் பார்க்க வேண்டும். ஓரளவு நன்றாக ஓடுகிறவரின் மாதம் இப்படி இருக்கலாம். வருஷத் தவணையில் ஒரு ஆயுள் பாலிசி, 7,500. மாதத் தவணையில் இன்னொன்று, 625. முந்தைய ஐந்து மாதமும் இப்படி ஒவ்வொரு மாதத் தவணைப் பாலிசி எழுதியிருந்தால் அவற்றிலிருந்து 3,125. ஒரு மருத்துவக் காப்பீடு, 2,700. ஃபண்டில் ஆறு லட்சம் சேர்ந்திருந்தால் டிரெயில் 400. மொத்தம் 14,350.

ஒருவர் மெஸ்ஸில் சாப்பிட்டு, இருவரோடு அறையைப் பங்குபோட்டு, சென்ட்ரல் லைனில் மாதப் பாஸ் எடுத்து ஓடினாலும் மும்பையில் இது போதாது. துண்டு விழும் தொகையைப் பதினெட்டால் பெருக்குங்கள். அந்தப் பணம் பேங்கில் இருந்தால் தொடங்கலாம். இல்லாவிட்டால் சம்பள வேலையோடு தொடங்குங்கள், அல்லது வேறு வேலையில் இருந்துகொண்டே மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் செய்யுங்கள். ஆனால் வேறு வேலையில் இருப்பவர் அந்தக் கம்பெனியின் விதி அனுமதிக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். மனைவி பெயரில் கோடு எடுத்துக் கணவன் ஓடுவது இங்கே சர்வசாதாரணம். நாளை ஒரு கிளெய்ம் தகராறு வந்தால் பதில் சொல்லவேண்டியவர் மனைவி.

இந்தத் தாளில் சொந்தக்காரர்களை எழுதாதீர்கள். மேனேஜர் முதல் நாளே நூறு பேர் பட்டியல் கேட்பார், அதில் முதல் இருபது பேர் மாமா, சித்தப்பா, கல்லூரி நண்பர்கள்தான். அவர்கள் மூன்று மாதத்தில் தீர்ந்துபோவார்கள். தயவுக்காக எடுத்த பாலிசி இரண்டாம் வருஷம் லாப்ஸ் ஆகும், உங்கள் பெர்சிஸ்டென்சி (தொடர்ந்து கட்டப்படும் பாலிசிகளின் சதவீதம்) விழும், கல்யாண வீடுகளில் உங்களைப் பார்த்ததும் ஆட்கள் பந்திக்கு விரைவார்கள்.

ஐந்தாவது படி: தள்ளுபடி கேட்கிறவரிடம் என்ன சொல்வது?

இதைத் தனியாகச் சொல்லக் காரணம், புதியவர்களின் முதல் வருஷ வருமானம் அதிகம் கசிவது இங்கேதான். தாராவியின் தொண்ணூறு அடி ரோட்டில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் திருநெல்வேலிக்காரர் ஒருவர் பாலிசிப் பேச்செல்லாம் முடிந்தபின், பார்சல் கட்டிக்கொண்டே கேட்டார்: “ஏன் தம்பி, அந்தாளு மொதத் தவணைல பாதியத் திருப்பித் தாரேங்கான். நீ என்ன சொல்லுத?”

“அண்ணாச்சி, அது சட்டப்படி தப்பு. கொடுத்தாலும் தப்பு, வாங்குனாலும் தப்பு.”

“எல்லாவனும் தாரான், உனக்கு மட்டும் என்னல சட்டம்?”

சட்டம் எல்லாருக்கும்தான். காப்பீட்டுச் சட்டத்தின் 41ஆம் பிரிவு கமிஷனில் பங்கு கொடுப்பதைத் தடைசெய்கிறது. பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம். ஆனால் கடையில் நின்று பிரிவெண் சொல்லி யாரையும் ஜெயிக்க முடியாது. நான் பேசுவது கணக்கு. அண்ணாச்சி, எனக்கு இதில் வருவது ஏழாயிரத்து ஐந்நூறு, பாதியைக் கொடுத்தால் அடுத்த வருஷம் உங்களை வந்து பார்க்க எனக்குக் கட்டுபடியாகாது, உங்களுக்கு ஒன்று என்றால் கிளெய்ம் பேப்பரோடு வீட்டுக்கு வரப்போகிறவன் யார் என்று மட்டும் பாருங்கள். சிலர் ஒத்துக்கொள்வார்கள். அந்த அண்ணாச்சி ஒத்துக்கொள்ளவில்லை, வேறு ஏஜென்ட்டிடம் எடுத்துக்கொண்டார். பார்சலுக்குக் காசு வாங்காமல் அனுப்பினார் என்பதையும் சொல்ல வேண்டும்.

தள்ளுபடி கொடுத்துப் பழகிவிட்டால் அந்தத் தெருவில் உங்கள் விலையே அதுதான் ஆகிவிடும், அடுத்த வீட்டுக்காரரும் அதையே கேட்பார்.

ஆறாவது படி: வரி

இன்சூரன்ஸ் கமிஷன் ஒரு நிதியாண்டில் 20,000 ரூபாயைத் தாண்டினால் கம்பெனி டி.டி.எஸ். (முன்கூட்டியே கழிக்கும் வருமான வரி) பிடிக்கும். 2025 ஏப்ரல் முதல் தனிநபருக்கு 2 சதவீதம். அதற்கு முன் 5 ஆக இருந்தது. பான் எண் கொடுக்காவிட்டால் 20 சதவீதம். வருமானம் வரி வரம்புக்குள் இருந்தாலும் ரிட்டர்ன் போட்டால்தான் பிடித்தது திரும்ப வரும். புதியவர்கள் பலர் இரண்டு மூன்று ஆயிரத்துக்காக எதற்கு அலைச்சல் என்று விட்டுவிடுகிறார்கள். நாளை வீட்டுக் கடனுக்குப் போகும்போது பேங்க் கேட்பது அந்த ரிட்டர்ன்களைத்தான். சம்பளச் சீட்டு இல்லாதவருக்கு வேறு சாட்சி கிடையாது.

சின்னக் கடைக்காரர்கள் விற்பனையில் ஆறு அல்லது எட்டு சதவீதம் லாபம் என்று காட்டிக் கணக்கு முடிக்கும் சலுகை கமிஷன் வருமானத்துக்குப் பொருந்தாது. வரவு செலவு எழுதத்தான் வேண்டும். அதனால் ரயில் பாஸ், போன் பில், தேர்வுக் கட்டணம், வாடிக்கையாளரைப் பார்க்கப் போன ஆட்டோ எல்லாவற்றையும் முதல் நாளிலிருந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். மொத்த வரவு வருஷம் 20 லட்சம் தாண்டும்வரை ஃபண்ட் விநியோகஸ்தருக்கு ஜி.எஸ்.டி. பதிவு தேவைப்படாது.

மாதாமாதம் வரும் கமிஷன் ஸ்டேட்மென்ட்டையும் வரிவரியாகப் பாருங்கள். பாலிசி எண், தவணை தேதி, பிரீமியம், முதல் வருஷமா ரினியூவலா, விகிதம், பிடித்தம். கழித்தல் குறியோடு ஒரு வரி இருந்தால் அது யாருடைய பாலிசி என்று அன்றே கண்டுபிடியுங்கள். பெரும்பாலும் செக் பவுன்ஸ் ஆனவராகவோ ஃப்ரீ லுக்கில் (அந்த முப்பது நாளுக்குள்) பாலிசியைத் திருப்பியவராகவோ இருப்பார். ஃபண்ட் பக்கம் திடீரென்று டிரெயில் குறைந்தால் யாரோ ரெகுலர் திட்டத்திலிருந்து விநியோகஸ்தர் கமிஷன் இல்லாத டைரக்ட் திட்டத்துக்கு மாறியிருக்கிறார்கள் அல்லது பணத்தை எடுத்திருக்கிறார்கள். இரண்டுக்கும் போன் போட்டுச் சண்டை போடக்கூடாது. என்ன தேவை வந்தது என்று விசாரிக்கலாம்.

விட்டுப் போகும்போது என்ன மிஞ்சும்?

சேரும்போதே கேட்கவேண்டிய கேள்வி இது. பேங்க் வேலையை விட்டால் நீங்கள் சேர்த்த வாடிக்கையாளர்கள் பேங்கின் வாடிக்கையாளர்கள்தான். அவர்களை அழைத்துக்கொண்டு போகக்கூடாது என்று லெட்டரிலேயே இருக்கும். எல்.ஐ.சி. ஏஜென்ட்டுக்குக் குறிப்பிட்ட சேவைக்காலத்துக்குப் பின் ரினியூவல் கமிஷன் உரிமை, குடும்பத்துக்கு வாரிசுக் கமிஷன், கிராஜுவிட்டி எல்லாம் உண்டு. கிராஜுவிட்டி உச்சவரம்பை 2023இல் மூன்று லட்சத்திலிருந்து ஐந்து லட்சமாக ஏற்றினார்கள். ஆனால் வருஷாந்திரக் குறைந்தபட்ச வியாபாரம் காட்டாவிட்டால் ஏஜென்சியே போய்விடும். ஏ.ஆர்.என். உங்கள் சொந்த எண். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்காமல் விட்டால் டிரெயில் நின்றுவிடும். பெரிய விநியோகஸ்தரின் கீழ் சேர்ந்திருந்தால், பிரியும்போது வாடிக்கையாளர்கள் யார் கோடில் இருப்பார்கள் என்பது ஒப்பந்தத்தில் எங்கோ பன்னிரண்டாம் பக்கத்தில் இருக்கும். கையெழுத்துப் போடும் முன் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு, ஒரு நகலும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஏ.ஆர்.என். படிவத்தில் நாமினி பெயர் நிரப்ப ஒரு கட்டம் உண்டு, அதையும் காலியாக விடாதீர்கள்.